இருபதாவது கை

பேய் உண்டா இல்லையா என்ற விஷயத்தில் நான் எந்தக் கட்சியும் இல்லை. ஆனால் இது நடந்தது. போன வருஷம் நவம்பரில், பகல் முடிந்தும் முடியாத நேரத்தில், என் இரண்டு கண்ணும் திறந்திருக்கும்போதே நடந்தது. அந்த அறையில் கண்ணைத் திறந்து வைத்திருக்க அனுமதி உள்ளவன் நான் ஒருவன்தான். ஏன் என்று சொல்கிறேன். சிரிப்பு வந்தால் சிரித்துவிடுங்கள். பிறகு வராது.

வேலூருக்கும் ஆம்பூருக்கும் நடுவே, நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு தனியார் பல்கலைக்கழகம். பெயர் வேண்டாம், இன்னும் அங்கேதான் சம்பளம் வாங்குகிறேன். நான் வணிகவியல் வாத்தியார். போதாததற்கு, மாணவர் மன்றங்களைப் பதிவு செய்யும் வேலையையும் என் தலையில் கட்டியிருந்தார்கள். எங்களிடம் தலைமைப் பண்பு மன்றம் என்று ஒன்று உண்டு. இருபத்திரண்டு பேர், அத்தனை பேரும் தலைவர்கள். நேர மேலாண்மை மன்றத்துக்காரர்கள் பதிவுக்கு ஒரு மாதம் தாமதமாக வந்தார்கள்.

மன்றம் தொடங்க இருபது பேர் நேரில் வந்து கை தூக்க வேண்டும். அதுதான் விதி. இதில் எங்கள் டீன் டாக்டர் பிரேம்நாத் ஒரு சீர்திருத்தம் செய்தார். (அவருடைய முழுப் பதவியைச் சொல்லி முடிப்பதற்குள் டவுன் பஸ் இரண்டு ஸ்டாப் தாண்டிவிடும்.) வாக்கெடுப்பு ரகசியமாக இருக்க வேண்டும், ஆனால் காகிதம் செலவாகக் கூடாது. என்ன வழி? எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு கை தூக்குவது. பொறுப்பாசிரியர் மட்டும் கண்ணைத் திறந்து எண்ணுவது. இதற்காக யாரோ எங்களுக்குக் 'காகிதமில்லா வளாகம்' என்று ஒரு கேடயம் கொடுத்தார்கள். கருத்தரங்கக் கூடத்தின் பின்சுவரை முழுக்க அடைத்து நிற்கும் கண்ணாடி அலமாரிக்குள் அது இருக்கிறது. கேடயத்தை மறந்தாலும் அந்த அலமாரியை மறக்காதீர்கள்.

முபஷ்ஷிரா ஆம்பூர்ப் பெண். தோல் தொழில்நுட்பம், மூன்றாம் ஆண்டு. அவள் பதிவு செய்ய வந்தது தொழிற்சாலைப் பாதுகாப்பு மன்றம். அதற்கு முந்தைய வருஷம் அவளுடைய அண்ணன் முஜாஹித் ஒரு தோல் தொழிற்சாலையின் கழிவுநீர்த் தொட்டியில் விஷவாயு தாக்கி இறந்திருந்தான். தவறி விழுந்தவனல்ல. உள்ளே மயங்கிக் கிடந்தவர்களைத் தூக்க இறங்கியவன்.

அடுத்த திங்கட்கிழமை அவள் வகுப்பில் முப்பது பேர் பயிற்சிக்காகத் தொழிற்சாலைகளுக்குப் போகிறார்கள். தொட்டி வாயு என்றால் என்ன என்று அவர்களுக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை. அந்த விபத்தில் பிழைத்த ஒருவரை அதற்குள் அழைத்து வந்து பேச வைக்க வேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான். ஆனால் பதிவு பெற்ற மன்றம்தான் வெளியாளை வளாகத்துக்குள் அழைக்கலாம். பதிவோ அவள் வந்த அன்றைக்கே ஐந்து மணியோடு முடிகிறது.

டீன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"பயிற்சிக்கு இடம் குடுக்கிறவங்க மனசு நோகக் கூடாது பாருங்க. ஆனா நான் தடுக்கல. இருபது கை வந்தா சரி. பத்தொம்பதுன்னா பத்தொம்பதுதான். ரூல் ரூல்தான்."

சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போனார். ஜெனரேட்டர் அந்த அறைக்கு மட்டும்தான்.

மணி நாலரை. வெளியே மழை பிய்த்துக்கொண்டு ஊற்றியது. கரண்ட் இல்லை. கூடத்தில் பாதி இருட்டு. முபஷ்ஷிராவையும் சேர்த்துச் சரியாக இருபது பேர் வந்திருந்தார்கள். ஒருவர் கூட உபரி இல்லை.

"ஸார், ஏதோ நாறுதுல்ல?" என்றாள் ஸ்வேதா. முபஷ்ஷிராவின் வகுப்புத் தோழி, வாயாடி.

நாறியது. தோல் நாற்றம் எங்களுக்குப் புதிதல்ல. அந்த நாற்றத்தோடுதான் தினமும் காலையில் காப்பி குடிப்போம். இது வேறு. அழுகின முட்டை.

"கேன்டீன் முட்டையா இருக்கும்டி," என்றான் பின்னாலிருந்து ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள்.

முபஷ்ஷிரா சிரிக்கவில்லை.

"இந்த நாத்தம் வர்ற வரைக்கும் பயமில்ல ஸார். திடீர்னு நின்னா ஓடணும்னு எங்க பாய்ஜான் சொல்வாரு. காத்து சுத்தமாயிடுச்சின்னு அர்த்தமில்ல. மூக்கு மரத்துப் போயிடுச்சின்னு அர்த்தம்."

இறந்த அண்ணனைத்தான் சொல்கிறாள் என்று புரிந்ததும் சிரிப்பு நின்றது.

மணி 4.46. "கண்ணை மூடுங்கள்," என்றேன். மூடினார்கள். "மன்றம் வேண்டும் என்பவர்கள் கை தூக்கலாம்."

கைகள் எழுந்தன. முகம் தெரியவில்லை. அந்த வெளிச்சத்தில் கைகள்தான் தெரிந்தன. எண்ணினேன்.

பத்தொன்பது.

மறுபடி எண்ணினேன். பத்தொன்பது.

மூன்று முறை எண்ண வேண்டும் என்பது விதி. எதற்கு மூன்று என்று டீனுக்கும் தெரியாது. நான் முபஷ்ஷிராவைப் பார்த்தேன். கண்ணை இறுக்கி மூடி, கையைக் காது ஒட்ட உயர்த்தியிருந்தாள். உதடு அசைந்துகொண்டிருந்தது. பாவமாக இருந்ததா என்று கேட்காதீர்கள். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அப்போதே எதுவும் தோன்றாமல் போக ஆரம்பித்துவிட்டது.

டப்... டப்...

தண்ணீர் சொட்டும் சத்தம். மழை வெளியே. இது உள்ளே. எனக்கு மிகப் பக்கத்தில்.

வலது மணிக்கட்டு சில்லென்றது. பிறகு அந்தச் சில்லிப்பும் இல்லை.

பிறகு... நாற்றம் நின்றது. விளக்கை அணைத்தது போல.

"ஸார்..." முபஷ்ஷிராவின் குரல். கண் மூடியே இருந்தது. "நின்னுடுச்சி."

மூன்றாவது முறை எண்ணினேன்.

பதினேழு... பதினெட்டு... பத்தொன்பது...

கடைசி வரிசைக்கும் பின்னால் ஒரு கை.

மெதுவாக எழுந்தது. மாணவர்கள் அப்படிக் கை தூக்க மாட்டார்கள். யாரோ கீழே இருந்து தள்ளுவது போல. ஈரமான கை. மணிக்கட்டில் நீலம். ரசாயனத்தில் ஊறின தோலுக்கு வரும் அந்த வெளிறிய நீலம்.

இருபது.

"நிறைவேறியது," என்றேன்.

மணி 4.52.

கண் திறந்தார்கள். கூச்சல். ஸ்வேதா முபஷ்ஷிராவைக் கட்டிப்பிடித்துக் குதித்தாள். நான் பின்னால் பார்த்தேன். கடைசி வரிசைக்குப் பின்னால் பெஞ்ச் கிடையாது. கண்ணாடி அலமாரிதான். அதற்குமேல் யோசிக்கவில்லை. இருபது பேர், இருபது கை. நான் வணிகவியல் வாத்தியார். கூட்டுத்தொகை சரியாக வந்தால் கேள்வி கேட்க மாட்டேன்.

டீனின் அறைக்குப் போய்ச் சொன்னேன். அவர் முகம் சுருங்கியது. "இருபதா? சரியா எண்ணினீங்களா?"

"மூணு தடவை."

4.57க்குக் கணினியில் பதிவுப் பொத்தானை அழுத்தினார். வேறு வழி? ரூல் ரூல்தான்.

வீட்டுக்கு வந்து பார்க்கிறேன், சட்டையின் வலது கை நுனி நனைந்து, லேசாக நீலம் பிடித்திருந்தது. பேனா கசிந்திருக்கும் என்று நினைத்தேன். காகிதமில்லா வளாகம். நான் பேனா வைத்துக்கொள்வதை விட்டு இரண்டு வருஷம் ஆகிறது.

மணிக்கட்டில் உணர்வு திரும்பவில்லை. மறுநாள் வேலூர் போய்ப் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டினேன். ஊசியால் குத்தினார்கள். தெரியவில்லை. "நரம்பெல்லாம் நல்லா இருக்கே," என்றார் டாக்டர், என்மேல் வருத்தப்படுகிறவர் போல.

வியாழக்கிழமை பார்த்திபன் வந்தான். முபஷ்ஷிராவின் வகுப்பு, அந்த இருபது பேரில் ஒருவன். முன் வரிசை ஓரத்தில் உட்கார்ந்திருந்தவன். கேன்டீனுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனான்.

"ஸார், யார்கிட்டயும் சொல்லக் கூடாது. அன்னிக்கி நான் கை தூக்கல. முபஷ்ஷிரா அண்ணன் செத்தாருல்ல, அந்த ஃபேக்டரிலதான் எங்கப்பா சூப்பர்வைசரு. தெரிஞ்சா பேஜாராயிடும்."

"சரி."

"கண்ணையும் மூடல. நான் தூக்காதத நீங்க பாத்துட்டீங்களான்னு உங்களையேதான் பாத்துட்டிருந்தேன்."

"அப்போ இருபதாவது கை யாரோடது?"

அவன் என் வலது கையைப் பார்த்தான்.

"உங்களுது ஸார்."

நான் சிரிக்கப் பார்த்தேன். வரவில்லை.

"ஆனா நீங்களா தூக்கல. உங்க பின்னாடி ஒருத்தரு நின்னுட்டிருந்தாரு. மூஞ்சி தெரியல. தலையிலர்ந்து தண்ணி சொட்டிட்டே இருந்திச்சி. உங்க மணிக்கட்டப் பிடிச்சி... கீழர்ந்து மேல... தூக்கினாரு."

என் பின்னால் கரும்பலகை. என் முதுகுக்கும் அதற்கும் நடுவே ஒரு சாண் இடம்தான் இருந்தது.

எதிரே கண்ணாடி அலமாரி.

அதில்தான் நான் அந்தக் கையைப் பார்த்திருக்கிறேன். என் கையை.

சனிக்கிழமை கூட்டம் நடந்தது. தடுக்கப் பார்த்த டீனே தலைமை தாங்கினார். தொலைநோக்குப் பார்வையால் தானே இந்த மன்றத்தை உருவாக்கியதாக முக்கால் மணி நேரம் பேசினார். பிழைத்தவருக்குப் பத்து நிமிஷம் ஒதுக்கினார்.

பிழைத்தவர் பெயர் அந்தோணி. நாற்பது வயதிருக்கும். எழுதி வைத்துக்கொள்ளாமல் பேசினார். எந்த நாற்றம், எப்போது நிற்கும், நின்றால் என்ன செய்ய வேண்டும். முதுகைக் காட்டி ஓடுவதில் வெட்கமே இல்லை என்றார். முப்பது பேரும் மூச்சு விடாமல் கேட்டார்கள்.

கடைசியில் சொன்னார்: "முஜாஹித் எனக்குக் கீழ இருந்தான். என் கையப் பிடிச்சி மேல தள்ளினான். மேல இருக்கறவங்க இழுத்துட்டாங்க. அவன் பிடி வுட்டது தெரிஞ்சிது. அதோட சரி."

மேடையிலிருந்து இறங்கும்போது கை கொடுக்கப் போனேன். அவர் இடது கையை நீட்டினார். நானும் இடது கையைத்தான் நீட்டியிருந்தேன்.

அவர் என் வலது மணிக்கட்டையே பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"ஸார்... உங்களுக்கும் இங்கதானா?"

தன் சட்டைக் கையை மேலே தள்ளிக் காட்டினார். மணிக்கட்டைச் சுற்றி வளையம் போல ஒரு இடம். ஊசி போட்டாலும் தெரியாது என்றார். அந்த நாளிலிருந்து.

பயிற்சி தொடங்கி மூன்றாவது வாரம். பார்த்திபன் போன் செய்தான். மூச்சு வாங்கியது. தொட்டிக்குப் பக்கத்தில் தரைக்குக் கீழே உள்ள பம்ப் ரூமில் ஆறு பேர் இருந்தார்களாம். நாற்றம் வந்தது. சட்டென்று நின்றது. ஸ்வேதாதான் "ஓடுங்கடா" என்று கத்தினாளாம். ஆறு பேரும் படியேறி வெளியே வந்துவிட்டார்கள். ஆறு பேருக்கும் உயிர் இருந்தது.

"ஸ்வேதாதான் ஸார் கடைசி. படியில கால் மடங்கி வுழுந்துட்டா. கீழர்ந்து யாரோ கையப் பிடிச்சி மேல தள்ளினாங்கன்றா. அவளுக்குக் கீழ யாருமே இல்ல ஸார்."

"இப்போ எப்படி இருக்கா?"

"நல்லாத்தான் இருக்கா. கை மட்டும் மரத்துப் போச்சின்றா."

எந்தக் கை என்று நான் கேட்கவில்லை.