மத்தியானத்தில் நிற்காத சக்கரம்

மீட்டர் பெட்டியில் காதை வைத்தால், சூடேறிய சுண்ணாம்புச் சுவரின் வாசனையோடு 'ம்ம்ம்' என்று ஒரு மெல்லிய முனகல் கேட்கும். கண்ணாடிக்கு உள்ளே ஓர் அலுமினியச் சக்கரம் படுத்தவாக்கில் சுற்றும். அதன் விளிம்பிலிருந்த 'செவப்புக் கோடு' சுற்றுக்கு ஒருமுறை முன்னால் வந்து எங்களை எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். புதுச்சேரியின் உப்பளம் பகுதியில் நாங்கள் குடியிருந்த இரண்டு அறை வீட்டில் நான் மிகவும் பயந்தது பல்லிக்கோ பாம்புக்கோ அல்ல, அந்தக் கோட்டுக்குத்தான்.

அப்பா வேலை பார்த்த பஞ்சாலை மூடப்பட்டு, அவர் அரியாங்குப்பத்தில் ஒரு மரக்கடைக்குப் போய்க்கொண்டிருந்த காலம் அது. ஜாக்கெட் தைத்து வீட்டை ஓட்டிய அம்மாவுக்குக் கரண்ட் பில் வரும் நாளெல்லாம் அமாவாசைதான். "ஏறுறத நம்மால எறக்க முடியாது, நாமதான் கொஞ்சம் எறங்கி வாழணும்" என்பாள். புதுச்சேரியில் மத்தியானம் கடைகளைச் சாத்திவிட்டு ஊரே படுத்துவிடும் அல்லவா, அம்மா அந்த வழக்கத்தைக் கரண்ட்டுக்கும் கொண்டுவந்தாள். ஒரு மணிக்கு வீட்டிலுள்ள சுவிட்சையெல்லாம் அணைத்துவிட்டு, ஈரத்துணியால் துடைத்த சிமெண்ட் தரையில் நான்கு மணி வரை படுத்திருப்போம். இதற்கு அவள் வைத்த பெயர் 'சக்கரத்தத் தூங்க வைக்கிறது'. முக்காலியில் ஏறி நின்று, கோடு நின்றதும் "நின்னுடுச்சும்மா" என்று சொல்ல வேண்டியது என் வேலை. ஐந்தாம் வகுப்புப் படித்த எனக்கு அதில் ஒரு கலெக்டர் மிடுக்கே இருந்தது.

அந்தக் கத்திரி வெயிலில் ஒருநாள் சக்கரம் நிற்கவில்லை. அம்மா சுவிட்சுகளைத் தடவிப் பார்த்தாள், பல்புகளைக் கழற்றினாள், ஒரு சொருகுகூட விடாமல் பிடுங்கினாள். வீட்டில் உயிருள்ள ஒயர் ஒன்றும் பாக்கியில்லை. செவப்புக் கோடு மட்டும் ஆற அமர வந்து பார்த்துவிட்டுப் போனது. தெருவில் ஒரு காக்கை சத்தம்கூட இல்லை. "உச்சி வேளையில யாரோ நம்ம கரண்ட்டத் தின்றாங்கடி" என்று அம்மா மெதுவாகச் சொன்னதும் நான் முக்காலியிலிருந்து குதித்து அவளை ஒட்டி நின்றேன்.

நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் பின்னறைச் சுவரைப் பார்த்தோம். அதற்கு அந்தப் பக்கம் 'சொல்தா வீடு'. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவரின் வீடு. அவர் பிரான்சுக்குப் போய்விட, கரண்ட்டும் துண்டிக்கப்பட்டு வருஷக்கணக்கில் பூட்டிக் கிடந்தது. சாவி அப்பாவிடம்தான் இருந்தது. எப்போதாவது போய்க் கூட்டிவிட்டு வருவார்.

அம்மா முக்காலியில் ஏறி ப்யூஸ் கட்டையை இழுத்துவிட்டாள். சக்கரம் நின்றது. அதே நொடியில் சுவருக்கு அந்தப் பக்கமும் ஏதோ நின்றது. அதுவரை ஒரு சத்தம் இருந்துகொண்டே இருந்திருக்கிறது என்பதே அது நின்ற பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. கொஞ்ச நேரம் கழித்துச் சுவரில் தட்டும் ஓசை கேட்டது. டொக் டொக். ஒரு இடைவெளி. டொக். மறுபடியும் அதேபோல.

அம்மா என்னை இழுத்துக்கொண்டு, வீட்டைப் பூட்டிவிட்டு, செருப்புகூடப் போடாமல் சித்தி வீட்டுக்கு ஓடினாள். ப்யூஸ் கட்டை அவள் முந்தானையில் முடிந்திருந்தது.

விளக்கு வைக்கும் நேரத்தில் அப்பா எங்களைத் தேடிச் சித்தி வீட்டுக்கு வந்தார். சித்தி அவருக்குச் சோறு போட்டாள். பேய்க் கதை சொல்லும் ஆசையில் நான் தரையில் தட்டிக் காட்டினேன். டொக் டொக். இடைவெளி. டொக். அப்பாவின் கை சோற்றிலேயே நின்றுவிட்டது. "இத எங்க கேட்ட?" என்றார். நான் பதில் சொல்லி முடிப்பதற்குள் எச்சில் கையோடு வாசலில் இறங்கி ஓடினார்.

ஆலையில் தறிகள் ஓடும் சத்தத்தில் வாய்ப்பேச்சு எடுபடாதாம். உதவி வேண்டுமென்றால் பக்கத்து இரும்புத் தூணில் இரண்டு தட்டி, விட்டு ஒன்று தட்டுவார்களாம். 'என் தறி நின்னுடுச்சு, ஆள் வா' என்று அதற்கு அர்த்தம். அந்த ஆலைக்காரர்களைத் தவிர வேறு யாருக்கும் தெரியாத பாஷை அது. தட்டியவர் அப்பாவோடு பக்கத்துத் தறியில் இருபது வருஷம் நின்ற தேசிங்கு மாமா. பஞ்சுத்தூசி நெஞ்சில் இறங்கி, இருமலைக் கண்டு ஒட்டிக்கொள்ளும் என்று சொந்த வீட்டிலேயே ஒதுக்கப்பட்டவரை அப்பா முந்தின நாள்தான் சொல்தா வீட்டுப் பின்கட்டில் ரகசியமாகப் படுக்க வைத்து, எங்கள் பரண் வழியாக ஒரு ஒயர் இழுத்து மேசைவிசிறி கொடுத்திருந்தார். முகத்துக்கு நேரே காற்று அடித்தால்தான் அவருக்கு மூச்சே வருமாம். "உங்கிட்ட சொல்ல பயந்துட்டேன்" என்று அப்பா பிறகு அம்மாவிடம் சொன்னது எனக்குக் கேட்டது.

அப்பா போனபோது மாமா சுவரில் கைவைத்துச் சாய்ந்து கிடந்தார், உயிர் இருந்தது. கோரிமேட்டு ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் இருந்து இறந்துபோனார். நுரையீரல் முன்பே போய்விட்டது, விசிறியால் ஒன்றும் மாறியிருக்காது என்று டாக்டர் சொன்னாராம். அம்மா அதை நம்பவில்லை. நானும் இன்றுவரை நம்பவில்லை.

அதற்குப் பிறகு பின்னறைச் சுவரில் ஒரு 'ஜீரோ வாட்ஸ்' பல்பு இரவும் பகலும் எரிந்தது. எரியவிட்டது அம்மாதான். பில் எவ்வளவு ஏறினாலும் அதை அணைக்க மாட்டாள். மத்தியானத்தில் மற்றதையெல்லாம் அணைத்துவிட்டு, "சுத்துதாடி?" என்று கேட்பாள். "சுத்துதும்மா" என்று நான் சொன்ன பிறகுதான் படுப்பாள்.

இப்போது ஆலை இருந்த இடத்தில் அதன் சுவடே இல்லை. அம்மாவும் அப்பாவும் இல்லை. என் வீட்டு மீட்டரில் சக்கரம் கிடையாது, ஒரு சிவப்புப் புள்ளி மட்டும் கண் சிமிட்டுகிறது. பில் ஏறிவிட்டதே என்று போன வாரம் என் மகள் ஒரு மத்தியானத்தில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மெயின் சுவிட்சில் கைவைத்தாள். "கொஞ்சம் இரு" என்று சொல்லிவிட்டு, நான் போய்ப் பக்கத்து வீட்டுச் சுவரில் காதை வைத்தேன்.