உப்பு பார்க்கும் வேலை

நான் வைக்கும் குழம்பில் உப்பு சரியாக இருந்ததாக எங்கள் வீட்டில் சரித்திரம் கிடையாது. கணவர் முதல் வாய்க்கே தண்ணீர்ச் சொம்பைத் தேடுவார். மகன் தட்டோடு எழுந்து போய்த் தயிரைத் தேடுவான். இந்த நாக்கை நம்பி ஒரு காலத்தில் ஒரு நாற்றங்காலே காத்துக் கிடந்தது என்று சொன்னால் இருவரும் சேர்ந்து சிரிக்கிறார்கள். அவர்கள் ஒற்றுமையாக இருக்கும் நேரம் குறைவு என்பதால் நானும் தடுப்பதில்லை.

எங்கள் ஊர் கிள்ளைக்குப் பக்கம், கடைமடை. கொள்ளிடத்துத் தண்ணீர் வழியில் உள்ள எல்லா ஊருக்கும் பாய்ந்துவிட்டு, மிச்சம் இருந்தால் எங்களிடம் வரும். வராத வருஷங்களில் வாய்க்கால் சும்மா இருக்காது. மேலேயிருந்து நல்ல தண்ணீர் தள்ளிக்கொண்டு வராவிட்டால், பிச்சாவரம் பக்கமிருந்து கடல் தண்ணீர் ஏறி வந்துவிடும். பார்க்க இரண்டும் ஒன்றுதான். வாயில் வைத்தால்தான் தெரியும்.

அப்பாவுக்குப் புகையிலை போட்டுப் போட்டு நாக்கு மரத்துப்போயிருந்தது. அம்மாவுக்கு விடிந்தால் மாட்டு வேலை. அதனால் மூன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த எனக்கு அந்த உத்தியோகம் கிடைத்தது. காலையில் பல் தேய்த்ததும் எதையும் தின்னாமல் அப்பா பின்னால் போக வேண்டும். அவர் வாய்க்காலில் இறங்கி உள்ளங்கையில் அள்ளி நீட்டுவார். நான் நுனிநாக்கால் தொட்டு, கண்ணை மூடி, கலெக்டர் மாதிரி கொஞ்சம் யோசித்துவிட்டு, "உப்புப்பா" என்பேன். அப்பா ஆயில் இன்ஜினைப் பழையபடி சாக்குப் போட்டு மூடிவிடுவார்.

அந்த வருஷம் முதலில் கொஞ்சம் நல்ல தண்ணீர் வந்தது. அதை நம்பி அப்பா விதை விட்டார். நாற்று விரல் உயரம் வளர்ந்ததும் தண்ணீர் நின்றுபோயிற்று.

பக்கத்து வயல்காரரை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். கேலி இல்லாமல் அவருக்குப் பேச வராது.

"என்னா மருமவளே, இன்னிக்கி ரிப்போர்ட் என்னா?"

"உப்பு மாமா."

"அப்ப ஒங்கப்பன நெல்ல உட்டுட்டு கருவாடு போடச் சொல்லு."

அப்பா சிரிக்க மாட்டார். நான் இருவருக்கும் சேர்த்துச் சிரிப்பேன். ஒரு நாள் அந்த மாமா சைக்கிளில் சோத்துத் தூக்கை மாட்டிக்கொண்டு வரப்போரம் நின்றார். "சிதம்பரத்துல கட்டட வேல இருக்கு மச்சான். நீயும் வாயேன். இத எத்தினி நாளிக்கிப் பாத்துகினு இருப்ப?" என்றார். அப்பா வரவில்லை என்று தலையை ஆட்டினார். மறுநாளிலிருந்து ரிப்போர்ட் கேட்க ஆள் இல்லை. கண்ணுக்கு எட்டிய வரை வெடித்த வயல், நடுவில் அப்பாவும் நானும். அப்பா அதிகம் பேசாதவர். நான் நண்டு வளைகளோடு பேசிக்கொண்டிருப்பேன்.

ஒரு லீவு நாள் மத்தியானம் அப்பாவுக்குச் சோறு கொண்டுபோனேன். வாய்க்கால் கரை தொட்டு நின்றது. தூக்கை வரப்பில் போட்டுவிட்டுக் கத்திக்கொண்டே ஓடினேன். "அப்பா! தண்ணி வந்துருச்சுப்பா! ரொம்பிக் கெடக்கு!"

அப்பா ஏற்கெனவே பார்த்துவிட்டிருந்தார். இன்ஜின் மேலிருந்த சாக்கை எடுத்தும் வைத்திருந்தார். இறங்கி அள்ளினார். அள்ளிய அவசரத்தில் பாதி வழிந்துவிட்டது.

"பாரு பாப்பா."

"உப்புப்பா."

"நல்லா பாரு."

"உப்புதாம்பா."

"நேத்து மாதிரியா?"

"நேத்த விட ஜாஸ்தி."

அப்பா கரையேறி நாற்றங்காலுக்குப் போனார். ஒரு பிடி நாற்றைப் பிடுங்கி உள்ளங்கையில் கசக்கினார். அது வைக்கோல் தூளாக உதிர்ந்தது. கையைத் தட்டிக்கொண்டு திரும்பினார்.

"நீ ஊட்டுக்குப் போ பாப்பா."

"இன்ஜின மூட வேணாமா?"

"நான் பாத்துக்கறேன். நீ போ."

பாதி வழி வந்திருப்பேன். பின்னால் இன்ஜின் ஓடும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால், குழாயிலிருந்து தண்ணீர் வெள்ளையாக நாற்றங்காலில் விழுந்துகொண்டிருந்தது. அப்பா வரப்பில் உட்கார்ந்து இரண்டு கால்களையும் அதில் விட்டிருந்தார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, நாற்றுக்காக அல்ல. அவ்வளவு தெளிவாகச் சொல்லியும் என் பேச்சுக்கு மதிப்பில்லையே என்று.

வாசலில் அம்மா சாணிக் கையோடு நின்றிருந்தாள். "இன்ஜின் சத்தம் கேக்குதேடி! நல்ல தண்ணி வந்துருச்சா?" என்றாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு அவள் முகம் அப்படி இருந்தது.

"அப்பாவையே கேளு" என்று உள்ளே போய்விட்டேன்.

சாயங்காலம் அப்பா வந்தார். "பாஞ்சிதாங்க?" என்று அம்மா கேட்டாள். "பாஞ்சிது" என்றார்.

மறுநாள் கொடியில் காய்ந்த அப்பாவின் வேட்டி விறைத்துப்போய், கரையோரம் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது. என் கட்சிக்குச் சாட்சி கிடைத்துவிட்டது. "பாத்தியாம்மா? நான் சொன்னது கரெக்ட்டு! உப்பு!" என்று குதித்தேன். அம்மா நகத்தால் அதைச் சுரண்டி நாக்கில் வைத்தாள். பிறகு, தெருக்குழாயில் வரிசையில் நின்று பிடித்து வந்த குடிதண்ணீரை ஊற்றி, அதை மறுபடி அலசினாள்.

"அப்பா எதிர்க்க இதெல்லாம் பேசாத."

அம்மாவும் அந்தப் பக்கம் போய்விட்டாள் என்று முடிவு செய்தேன். அப்பா என்னை மறுபடி வாய்க்காலுக்குக் கூப்பிடவில்லை. காரணம் சொல்லாமல் வேலையை விட்டு நீக்கப்பட்ட அதிகாரி மாதிரி வீட்டையே சுற்றி வந்தேன். நாக்குதான் கெட்டுவிட்டதோ என்று அடுக்களையில் கல் உப்பை எடுத்து நக்கிப் பார்த்தேன். நன்றாகத்தான் கரித்தது. அப்பாவோடு பேசுவதையும் நிறுத்திவிட்டேன். அதைக்கூட அவர் கவனித்த மாதிரி தெரியவில்லை. இரண்டொரு வாரத்தில் அவரும் சைக்கிளில் தூக்கை மாட்டிக்கொண்டு சிதம்பரம் போக ஆரம்பித்தார்.

அவர் என்னை நம்பவில்லை என்பது மட்டும்தான் அந்த வயதில் எனக்குப் புரிந்தது. நான் சொன்னதை முழுசாக நம்பிய பிறகுதான் அவர் இன்ஜினைக் கிளப்பினார் என்பதோ, செத்துப்போன நாற்றில் ஒரு தரமாவது தண்ணீர் தளும்பி நிற்பதைப் பார்க்க அவருக்கு ஆசை வந்திருக்கலாம் என்பதோ, அதைப் பார்க்கும்போது பக்கத்தில் யாரும் வேண்டாம் என்றுதான் என்னை வீட்டுக்கு அனுப்பினார் என்பதோ தெரியவில்லை.