லாரி ஓடும் மாடி வீடு

திருப்பூரில் பனியன் கம்பெனி வாட்ச்மேனுக்கு இரண்டே வேலை: வருகிறவனைத் தடுப்பது, போகிறவனைத் தடவிப் பார்ப்பது. ஒருத்தனுடைய டிபன் டப்பாவுக்குள் முழுத் தையல் மிஷினையே பிடித்தவன் நான். நம்பாவிட்டால் போங்கள். என்னைப் போல வாசலில் காய்கிற சக பாவிகள் நம்புவீர்கள்.

போர்டு

எங்கள் கேட்டில் ‘ஆட்கள் தேவை’ போர்டு வருசம் முழுக்கத் தொங்கும். அதைப் பார்த்து வந்தாள் மாரியம்மாள். கோவில்பட்டிப் பக்கம். புருசன் செத்ததும், தனிப் பொம்பளைக்கு ரூம் இல்லையென்று ரூம்காரர் அனுப்பிவிட்டார். நாலு மாதமாக மேம்பாலத்துக்கு அடியில் குடியிருப்பு.

“விலாசம் இல்லாம உள்ள விடமாட்டாங்க அம்மணி” என்றேன்.

போர்டைக் காட்டினாள். “ஆளு வேணும்னுதான அண்ணாச்சி போட்டிருக்கு? வீடு வேணும்னு போடலையே!”

தூக்குப்போசி

மறுநாளும் வந்தாள். அதற்கடுத்த நாளும். வெயிலில் நின்றாளே தவிர நகரவில்லை. மனசு கேட்காமல் என் சோற்றுத் தூக்குப்போசியை நீட்டினேன். தொடவில்லை.

“சோத்தைக் குடுத்துட்டா நீங்க நிம்மதியாத் தூங்கிருவீக அண்ணாச்சி. வேலை வாங்கித் தாங்க. அதுவரைக்கும் முழிச்சிருங்க.”

மாடி வீடு

தைத்த பனியனில் தொங்கும் நூலை வெட்டுவதற்குப் பிசிறு வெட்டுதல் என்று பேர். கட்டுக்கட்டாக வீடுகளுக்கே கொடுத்தனுப்புவார்கள். வெள்ளைத் துணி, ஒரு கறை பட்டாலும் கழித்துவிடுவார்கள். அதனால் மாரியம்மாளுக்கு ஒரு கட்டு தரச் சொல்லி நான் கேட்டதும், சின்ன வயசு சூப்பர்வைசர் அவள் வீட்டைப் பற்றிக் குடைந்து குடைந்து கேட்டார்.

“ஏனுங்க பெரியவரே, அந்தம்மா ஊடு ஓடா, தகரமா?”

“காங்கிரீட்டுங்க தம்பி. மேல லாரியே போகலாம்.”

“காத்தோட்டம்?”

“நாலு பக்கமும் வருமுங்க.”

கட்டு கிடைத்தது. போகும்போது சூப்பர்வைசர் சிரித்தார்: “லாரியாமா லாரி! உங்க வாயில ஒரு நாளாவது நெசம் வருமுங்களா?”

செருப்பு

மூணாம் நாள் மதியம், அந்த வீட்டைப் பார்க்கணும் என்று சூப்பர்வைசர் கிளம்பிவிட்டார். வழிகாட்ட நானும் பைக்கில் பின்னால் ஏறினேன். பாலத்துக்கடியில் இறங்கியதும் அவர் முறைத்த முறையில் என் பாதி மீசை கருகிப்போனது. தலைக்கு மேல் லாரி கடகடத்தது.

மாரியம்மாள் துவைத்த சேலையை விரித்து, நாலு மூலைக்கும் கல் வைத்து, நடுவில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் கை கழுவ ஒரு பாட்டில் தண்ணீர். சூப்பர்வைசர் ஒரு பனியனை உருவப் போய்ச் சேலைமேல் காலை வைத்தார்.

“செருப்பக் கழட்டிட்டு வாங்க சார், வெள்ளைத் துணி!”

நடுரோட்டுப் பாலத்தடியில் மனுசன் குனிந்து செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். உட்கார்ந்து இருபது உருப்படியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு நூல் இல்லை, ஒரு பொட்டு அழுக்கில்லை.

“திங்கக்கிழமை உள்ள செக்கிங் டேபிளுக்கு வந்துருங்கம்மா. விலாசத்தை நான் பாத்துக்கறேன்.”

ரூம் மட்டும் இன்னும் அமையவில்லை. ஞாயிறுதோறும் நானும் அவளும் தெருத்தெருவாகக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம், விடுவதாக இல்லை.

ஆயுசு முழுக்க அளந்த பொய்களால் ஒருத்தருக்கும் பிரயோசனமில்லை; ஒருத்திக்கு வேலை வாங்கிக் கொடுத்தது நான் சொன்ன ஒரே உண்மைதான், அதையும் எவரும் நம்பவில்லை.