பின்சுவரில் ஒரு திறப்பு

திருக்கோகர்ணத்து வேலையைப் பாதியில் விட்டுப் பேருந்து நிலையத்தை நோக்கி நடந்துகொண்டிருந்தேன். சட்டையெல்லாம் சுண்ணாம்பு வாடை. பாதியில் கிளம்புவது எனக்குப் புதிதில்லை. நான் முடிக்காமல் போட்ட சுவர்களைச் சேர்த்தால் ஒரு தெருவே வரும். ஆனால் இந்த முறை யாரும் என்னைத் திட்டவில்லை.

ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவரின் பழைய வீடு அது. மாடியில் அறைகள், பின்னால் புதுச் சமையலறை. பழைய சுவரில் மட்டும் சிமெண்ட் படக்கூடாது என்று டீச்சர் சொல்லியிருந்தார்; அதற்குச் சுண்ணாம்பு பூசத்தான் நான். நல்ல மனுஷி, எங்களுக்கும் தன் டம்ளரிலேயே காப்பி கொடுப்பார். பின்சுவரைச் சுரண்டியபோது தரையை ஒட்டி, செங்கல் வைத்து அடைத்த சின்னத் திறப்பு ஒன்று வெளிப்பட்டது. இஞ்சினியர் குனிந்து பார்த்தார்.

"டீச்சர், பழைய வெளக்கு மாடம்! அப்படியே வச்சு உள்ள லைட் போட்டுருவோம்."

"வெளக்கு மாடத்த எவன்யா தரையில வச்சான், எலிக்கா?" என்று கொத்தனார் முருகேசன் என் காதில் முணுமுணுத்தான்.

"லைட்டு எதுக்கு? வெள்ளிக்கிழமை நானே வெளக்கு ஏத்துறேன்" என்ற டீச்சர் என் பக்கம் திரும்பினார். "அண்ணே, பழைய ஆளாச்சே, இது என்னன்னு ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெரியலைங்க" என்றேன்.

தெரியும். அது எடுப்புக் கக்கூஸின் திறப்பு. பின்சந்தில் நின்று, அந்த மாதிரித் திறப்புகளில் கையை விட்டு மலம் அள்ளியவள் என் ஆத்தா. வீட்டுக்கு வந்து சீயக்காய் போட்டுக் கை கழுவுவாள், மோந்து பார்ப்பாள், மறுபடி கழுவுவாள். பிறகுதான் சோறு போடுவாள். பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் எவனும் உட்காராததால் ஐந்தாம் வகுப்போடு நின்றேன். கணக்கும் வரவில்லை என்பது வேறு விஷயம்.

சொன்னால், "ஒங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்பார்களே. அந்தக் கேள்விக்குப் பயந்துதான் வாய் பொய் சொன்னது. பொய் சொன்ன நிமிஷத்தில், ஆத்தாவையே யாரென்று தெரியாது என்று சொன்னதுபோல் உடம்பு கூசியது. அதற்குமேல் அங்கே கரண்டி பிடிக்க முடியவில்லை.

அந்தச் சந்தில் இப்போது சிமெண்ட் தளம், வண்டிகள் நிற்கின்றன. அள்ளும் வேலை ஒழிந்தது நல்லது. அள்ளியவர்களும் சுவடில்லாமல் போய்விட்டார்கள்.

மறுநாள் காலை, கறம்பக்குடியில் கல்யாண மண்டபம் கட்டும் இடத்தில் போய் நின்றேன். மேஸ்திரி, எல்லாரும் கேட்பதையே கேட்டார்.

"எந்த ஊருண்ணே? யாரு மகன்?"

"புதுக்கோட்டை. ராக்கம்மா மகன். எடுப்புக் கக்கூஸ் அள்ளுனாங்க."

அவர் என் கையிலிருந்த கரண்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஜல்லி சொமப்பீங்களா?"

"சொமப்பேன்."

சட்டியைத் தலையில் ஏற்றிக்கொண்டு படியேறினேன்.