வலப்பக்கம் சுற்றிய வள்ளி

போன ஞாயிற்றுக்கிழமை, பள்ளி ஆண்டு விழாவில் என் மகள் வள்ளி குதித்தாள். குதித்தாள் என்றால்... காலில் சக்கர ஷூவோடு உருண்டு வந்து, எழும்பி, அந்தரத்தில் பாதி சுற்றி, பின்பக்கமாக இறங்கினாள். விழவில்லை! கடவுளே, உனக்குக் கோடி நமஸ்காரம்.

சொல்லிக்கொடுத்தவர் அடுத்த வீட்டு இளம் மருமகள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவரின் மகள், பிரான்சில் வளர்ந்தவர். பிரெஞ்சுக் கொடி இறங்கி எத்தனையோ காலம் ஆனாலும் எங்கள் தெருவில் 'மதாம்' என்ற மரியாதைச் சொல் மாறவில்லை, அவரை அப்படித்தான் கூப்பிடுகிறோம். அங்கே பனிக்கட்டியில் சறுக்கியவராம். புதுச்சேரியில் பனிக்கு எங்கே போவது? பள்ளிக்கூடத்து சிமெண்டுத் தரையும் சக்கரமும்தான்.

பார்க்கச் சுலபம். இடது காலில் எழும்ப வேண்டும். கைகளை நெஞ்சோடு ஒடுக்கி இடப்பக்கமாகத் திரும்ப வேண்டும். வலது காலில் – அதுவும் பின்னோக்கி உருண்டபடி – இறங்க வேண்டும். முழங்கால் மடங்காவிட்டால்... தரைதான்!

கூடப் பழகிய மற்ற பெண்கள் சரியாக இறங்கினார்கள். வள்ளி மட்டும் விழுந்தாள். முழங்காலெல்லாம் சிராய்ப்பு.

"கீய வியறதுக்கா இவ்ளோ சிங்காரிச்சிக்கினு போற?" என்று அவள் அம்மா கிண்டல் செய்தாள்.

விழா நெருங்கியதும் மதாம் என்னைக் கூப்பிட்டார். "இப்படியே விழுந்தா விழாவுல விட மாட்டேங்க ஐயா. கால் ஒடிஞ்சிடும்." வள்ளி தேம்பி அழுதாள்.

"ஏம்மா, மேல போனதும் ஒடம்பை வலப்பக்கம் முறுக்குற?" என்று மதாம் கேட்டார்.

"சாமி கும்புடறப்ப அப்டித்தானே மதாம் சுத்துவோம்? இடமா சுத்துனா அப்பா திட்டுவாரு."

என் முகம் போன போக்கு! விளக்கேற்றியதும் நின்ற இடத்திலேயே வலமாகச் சுற்றிக் கும்பிடுவது எங்கள் வீட்டு வழக்கம். நடக்கப் பழகிய நாள் முதல் அவள் உடம்பில் ஊறியது. என் பக்தியா பிள்ளையைத் தள்ளிவிட்டது?

"சாமி கோவிச்சுக்காது, இடமாவே சுத்தும்மா" என்றேன். உடம்பு கேட்டால்தானே!

மதாம் சிரித்தார். "விடுங்க, நான் மாத்திக்கிறேன்."

மறுநாளே எல்லாவற்றையும் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திருப்பிவிட்டார். வலது காலில் எழும்பு, இடது காலில் இறங்கு. பழக்கமில்லாத பக்கம் – செய்துகாட்டப் போய் அவரே தொப்பென்று விழுந்தார்.

"மதாம், முட்டிய மடக்குங்க!" என்று வள்ளி கத்த, இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து சிரித்த சிரிப்பு...

அவர் கும்பிடுவது மாதாவை. எங்கள் வீட்டு வழக்கத்துக்காக அவர் ஏன் விழ வேண்டும்? யார் செய்வார்கள், சொல்லுங்கள்?

விழாவில் மற்றவர்கள் இடமாகச் சுற்றிக் குதித்து விலகினார்கள். வள்ளி மட்டும் எதிர்ப்பக்கமாக வந்து குதித்து இறங்கினாள். ஒரே கைதட்டல். பக்கத்து நாற்காலிக்காரர், "என்னா அழகா பிளான் போட்டிருக்காங்க, பாருங்க!" என்றார்.

ஆமாம்... பிளான் போட்டது சாமி. விழுந்து எழுந்தது மதாம்!