இருபத்திரண்டு குதிரைக்கு ஒரு லென்ஸ்

எங்கள் ஊர், ஆலங்குடியிலிருந்து பஸ்ஸில் இருபது நிமிடம். சில வருடங்களுக்கு ஒருமுறை அய்யனாருக்குப் புரவி எடுப்போம். வேண்டுதல் உள்ளவர்கள் வேளாரிடம் அச்சாரம் கொடுத்து மண்குதிரை செய்யச் சொல்வார்கள். செய்து முடித்த குதிரைகள் எல்லாம் பொட்டலில் வரிசையாக நிற்கும். நடுவில் ஊர்ப் பொதுக்குதிரை, ஒரு பக்கம் வடக்குத் தெருக் குதிரைகள், மறுபக்கம் தெற்குத் தெருக் குதிரைகள். வேளார் ஒவ்வொன்றுக்கும் கண் திறந்ததும், தோளில் தூக்கிக்கொண்டு கோயிலுக்குப் போவோம்.

போன புரவி எடுப்பில் அந்த வரிசையைப் படம் எடுக்கும் வேலையை நானே வலியப் போய் வாங்கிக்கொண்டேன். என்னிடம் பழைய பிலிம் கேமரா ஒன்று உண்டு. அதோடு வந்த ஐம்பது மில்லிமீட்டர் லென்ஸில் பாதி வரிசைதான் அடங்கியது. பின்னால் போகலாம் என்றால் அரிசி ஆலையின் மதில். ஆகவே இரண்டு படமாக எடுத்துக் கொடுத்தேன். ஊர் மண்டபத்தில் இரண்டு ஜன்னல்களுக்கு நடுவே இருந்த இடம் குறுகல் என்பதால் ஒன்றின் கீழ் ஒன்றாக மாட்டினார்கள். வடக்குத் தெரு மேலே. நான் வடக்குத் தெருக்காரன்.

"எங்க குதிர என்ன ஒங்க குதிர காலடியிலயா நிக்கிது?" என்று தெற்குத் தெரு கேட்டது. கூட்டம் போட்டு இரண்டையும் கழற்றினார்கள். அதன் பிறகு பொட்டலுக்குத் தண்ணீர் தெளிப்பதுகூட எந்தத் தெரு முதலில் என்று சண்டையாகிவிட்டது.

இந்த வருடம் புரவி எடுப்பு என்று முடிவானதும் கூட்டத்தில் எழுந்து நின்றேன். "எல்லாக் குதிரையும் ஒரே படத்துல வரும். அதுக்கு நான் பொறுப்பு."

தெற்குத் தெருவில் எனக்கு மாப்பிள்ளை முறையாகிற ஒருவர் இருக்கிறார். துபாயில் சம்பாதித்துவிட்டு வந்து தென்னந்தோப்பு வைத்திருப்பவர். அவர் போனை எடுத்தார். "இதுக்கு எதுக்கு மாமா பொறுப்பு? இப்படிப் புடிச்சுத் திருப்பிக்கிட்டே போனா மொத்த ஊரும் வந்துரும்." அங்கேயே திருப்பிக் காட்டினார். ஊர்த் தலைவர் நடுவில் தலையை ஆட்டியதால் படத்தில் அவருக்கு மூன்று காது. கூட்டம் சிரித்தது. அந்தச் சிரிப்பில் எனக்குத் தெம்பு வந்து, "பிலிம்ல இந்தக் கோளாறே கிடையாது" என்றேன். பிலிமில் இருக்கும் மற்றக் கோளாறுகளைச் சொல்ல நேரம் இல்லை.

நான் நில அளவைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எதையும் அளக்காமல் நம்ப மாட்டேன். வேளாரிடம் கேட்டேன், இருபத்திரண்டு குதிரைக்கு அச்சாரம் வந்திருப்பதாகச் சொன்னார். இடைவெளியோடு சேர்த்து வரிசையின் நீளம் நாற்பத்தெட்டரை அடி. வரிசைக்கும் மதிலுக்கும் நடுவே நாற்பது அடி. நாற்பது அடி தூரத்தில் முப்பத்தைந்து மில்லிமீட்டர் லென்ஸ் பிடிப்பது நாற்பத்தோரு அடிதான், உதவாது. இருபத்தெட்டு பிடிப்பது ஐம்பத்தோரு அடி. இருபத்துநான்கு அறுபது அடியை அள்ளும். இருபதைப் போட்டால் என் முதுகுக்குப் பின்னால் இருக்கும் ஆலையின் புகைக்கூண்டே உள்ளே வந்துவிடும். ஆனால் அதன் விலையைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். விலை அப்படியேதான் இருந்தது.

இருபத்துநான்கின் விலையில் மூன்று இருபத்தெட்டு வாங்கலாம். எனக்கு ஒன்று போதும், இரண்டரை அடி மிச்சம் வேறு. இரண்டரை அடிக்காக இரண்டு தலைமுறை கோர்ட்டுக்கு நடந்தவர்களை எனக்குத் தெரியும். அது பெரிய சொத்து.

ஆனாலும் மூன்று மாதம் யோசித்தேன். பழைய லென்ஸ் விற்பவர்கள் போடும் படங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்ப்பேன். ஒன்றில் பூஞ்சை, ஒன்றில் வளையம் இறுகியிருந்தது, ஒன்று என் கேமராவில் மாட்டாது. கோயம்புத்தூர்க்காரர் ஒருவர், "லேசா பூஞ்சை இருக்கு சார், படத்துல தெரியாது" என்றார். தெரியாத பூஞ்சைக்கு எவ்வளவு குறைப்பீர்கள் என்று நாலு நாள் பேசினேன்.

"ஒரு கண்ணாடி வாங்க மூணு மாசமா?" என்றாள் என் மனைவி. "என்னயப் பொண்ணு பாக்க வந்தப்ப மூணு நிமிசம் உக்காந்திருந்தீங்களா?"

"அப்ப எனக்கு அனுபவம் பத்தல."

"இப்ப மட்டும்?"

அவளுக்கும் ஒரு வேண்டுதல் இருந்தது. முந்தின வருடம் பஸ் படியில் வழுக்கி விழுந்து தொடையெலும்பை முறித்துக்கொண்டேன். நான் எழுந்து நடந்தால் ஒரு குதிரை வைப்பதாக அவள் அய்யனாரிடம் சொல்லியிருந்தாள். லென்ஸ் செலவு இருப்பதால் குதிரையை அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்று நான் சொன்னபோது அவள் பதில் பேசவில்லை. அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். கூட வாழ்ந்தவன் எடுத்துக்கொண்டிருக்கக் கூடாது.

புரவி எடுப்பன்று காலையில், ஒருவழியாக வாங்கிவிட்ட இருபத்தெட்டை மாட்டிக்கொண்டு பொட்டலுக்குப் போனேன். வேளார் கடைசிக் குதிரைக்குக் கண் திறந்துகொண்டிருந்தார். மதிலில் முதுகை ஒட்டி நின்று, ஸ்டாண்டில் கேமராவை வைத்து உள்ளே பார்த்தேன். நடுவில் பொதுக்குதிரை. தெற்கு ஓரத்துக் குதிரை கச்சிதமாக உள்ளே இருந்தது. வடக்கு ஓரத்தில் ஒன்று வெளியே நின்றது. வெறும் கண்ணால் எண்ணினேன். இருபத்துமூன்று.

அப்போதுதான் இன்னொன்றும் உறைத்தது. மதிலிலிருந்து அளந்தேனே தவிர, மதிலுக்கும் கேமராவுக்கும் நடுவில் நான் நிற்க வேண்டும் என்பதைக் கணக்கில் சேர்க்கவே இல்லை. தொப்பையும் ஸ்டாண்டுமாக இரண்டடி போயிற்று. ஊர் நிலத்தையெல்லாம் அளந்தவன் என்னை அளக்க மறந்திருக்கிறேன்.

"இது யாரு குதிர வேளாரே?"

"என்னங்கய்யா இப்படிக் கேக்குறீங்க? ஒங்க வீட்டுக் குதிரதான். அம்மா வந்து அச்சாரம் குடுத்துட்டுப் போனாங்களே. பிந்தி வந்ததால ஓரத்துல நிக்கிது."

குதிரைக்குப் பக்கத்தில் என் மனைவி நல்ல சேலை கட்டிக்கொண்டு எங்கோ பார்த்தபடி நின்றாள்.

"கொஞ்சம் நெருக்கி வைக்கலாமா?" என்றேன்.

"கண்ணு தொறந்தாச்சு. இனிமே கோயிலுக்குத் தூக்குறப்பதான் தொடலாம். சாமிய அங்கிட்டு ஒதுங்கச் சொல்லி நான் எப்படிங்கய்யா சொல்றது?"

கேமராவை இம்மி வடக்கே திருப்பினேன். எங்கள் குதிரை உள்ளே வந்தது, தெற்குக் குதிரைக்குப் பாதி முகம் போயிற்று. தெற்கு ஓரத்தில் அந்தத் தோப்புக்கார மாப்பிள்ளை கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "மாமா, எங்க கடைசிக் குதிர முழுசாத் தெரியுதுல்ல?"

"தெரியுது, தெரியுது" என்று பழையபடி திருப்பினேன்.

மதில்மேல் ஏறி உட்கார்ந்தால் அந்த இரண்டடி கிடைக்கும், எல்லாமே அடங்கும். மதிலோரம் கிடந்த கல்லில் ஒரு காலை வைத்தேன்.

"இறங்குங்க!" பொட்டலே திரும்பிப் பார்த்தது. என் மனைவிக்கு இப்படி ஒரு குரல் இருப்பது எனக்கே புதிது. "அந்தக் காலுக்காகத்தான் இந்தக் குதிரயே நிக்கிது. அதே கால வச்சுச் செவுத்துல ஏறுவீங்களா?"

சிரிப்பு அடங்கச் சற்று நேரமாயிற்று. "குடுங்க மாமா, நான் ஏறி எடுக்குறேன்" என்றார் மாப்பிள்ளை. நல்ல மனதோடுதான் சொன்னார். நான் கேமராவின் வாரை இன்னொரு சுற்று கையில் சுற்றிக்கொண்டேன்.

கொட்டு அடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். மனைவி கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினாள். "நம்ம குதிரய விட்டுட்டு எடுங்க. அவங்க குதிரய வெட்டினீங்கன்னா இன்னொரு கூட்டம் போடுவாங்க."

"ஒன் குதிர..."

"அது போட்டாவுக்காக நிக்கல. எடுங்க சட்டுனு."

ஆறு தடவை எடுத்தேன். மூன்றே போதும், பயத்தில் ஆறு.

பிலிமைச் சென்னைக்கு அனுப்பிக் கழுவி வாங்கிப் பெரிதாக்கினோம். இருபத்திரண்டு குதிரைகள் முழுசாக நின்றன. வடக்கு ஓரத்தில் எங்கள் குதிரைக்கு ஒரு கண்ணும் ஒரு காதும்தான். லென்ஸ் ஓரத்தை இழுத்துவிட்டதில் அந்தக் காது முறம்போல் இருக்கிறது. தெற்குத் தெருக்காரர்கள் விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார்கள். வடக்குத் தெருக்காரனே தன் குதிரையை வெட்டிக்கொண்டதில் யாருக்கும் சண்டைக்கு இடம் கிடைக்கவில்லை. படம் மண்டபத்தில் ஏறிவிட்டது.

வருகிறவர்கள் முதலில் அவரவர் குதிரையைத் தேடிக் கண்டுபிடிக்கிறார்கள். அதன்பிறகு எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "இது யாரு குதிர, பாதியா நிக்கிது?" இருபத்திரண்டு குதிரைகளைப் பற்றி யாரும் கேட்பதில்லை. என் மனைவி அருகில் இருந்தால் பஸ் படியில் ஆரம்பித்து எல்லாம் சொல்கிறாள். மூன்று மாதம், விலை குறைந்த லென்ஸ், மறந்துபோன தொப்பை, மதில் என்று ஒன்றையும் விடுவதில்லை. ஒவ்வொரு தடவையும் அந்த மதில் கொஞ்சம் உயர்ந்துகொண்டே போகிறது. போன வாரம் மணமேல்குடியிலிருந்து வந்த அவளுடைய தங்கையிடம் சொன்னபோது பத்தடி ஆகியிருந்தது. நான் அளந்தவன், ஐந்தே முக்கால்தான். அதைச் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். இரண்டு பேரும் என் காலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்ததால் விட்டுவிட்டேன்.