எழுதாமல் விட்ட சைக்கிள் டியூப்

எனக்குக் காப்புரிமை கிடைத்தது புளியங்கொட்டை எடுக்கும் மிசினுக்கு. மாரண்டஹள்ளியில் லேத்துப் பட்டறை வைத்திருக்கிறேன். புளியை இரண்டு இரும்பு உருளைகளுக்கு நடுவில் விட்டால் ஒன்று கொட்டை நசுங்கும், இல்லை சதை அப்பிக்கொள்ளும். மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தபோது என் மனைவிதான், "ஏங்க, உருளைல சைக்கிள் டியூப்பச் சுத்திப் பாருங்களேன்" என்றாள். சுற்றி, ரப்பரில் கத்தியால் குறுக்கே கீறலும் போட்டேன். கொட்டை முழுசாக விழுந்தது. புளி உரித்து உரித்து வெடித்துப்போன விரல்களால் அவள் அதைப் பொறுக்கிப் பார்த்துச் சிரித்தாள்.

பட்டறைக்காரன் புத்தி என்று ஒன்று உண்டு. மிசினை விற்போம், சூட்சுமத்தைச் சொல்லமாட்டோம். யாராவது வந்தால் அவள் ஓடிப்போய் உருளைமேல் சாக்கைப் போட்டு மூடுவாள். விற்கும் மிசினில் அந்த இடத்தைத் தகடு வைத்து வெல்டிங் அடித்துவிடுவேன்.

காப்புரிமை விண்ணப்பம் எழுதிக் கொடுத்தவர் சேலத்தில் இருந்தார். "கொட்டை உடையாம எப்படிங்க வருது?" என்று கேட்டார்.

"அது எதுக்குங்க சார்? ரெண்டு உருளை எதிரெதிரா சுத்துது, கொட்டை தனியா வந்துடுது. அவ்வளவுதான் எழுதுங்க" என்றேன். அதோடு விட்டேனா? "புளின்னு மட்டும் போடாதீங்க. கொட்டை இருக்கற எந்தப் பழமா இருந்தாலும் என் மிசினுதான்னு போடுங்க."

மனைவி முழங்கையால் இடித்தாள். "டியூப்பையும் எழுதச் சொல்லுங்க."

"நீ சும்மா இரு" என்றேன். இப்போது நினைத்தால் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

சில வருடம் கழித்து வெளியூர்க் கம்பெனி ஒன்று என் மிசினை வாங்கி, தகட்டை அறுத்துப் பார்த்து, அப்படியே செய்து விற்க ஆரம்பித்தது. வழக்குப் போட்டேன். என் காப்புரிமையே செல்லாது என்று அவர்கள் திருப்பினார்கள். எனக்கு ரொம்ப முன்னாலேயே, எதிரெதிராகச் சுற்றும் இரண்டு உருளைகளால் மாங்கொட்டை எடுத்த ஒரு மிசினின் படத்தைக் காட்டினார்கள். எல்லாப் பழமும் எனக்கே என்று கேட்டவன் மாம்பழத்தில் மாட்டினேன்.

சென்னை வக்கீல் பதறவில்லை. "அதிகமா கேட்டத விட்டுக்கொடுத்துடலாம். உண்மையில உங்களது எதுவோ அத மட்டும் வச்சுக்கிட்டா போதும்" என்றார்.

எனக்கு உயிர் வந்தது. மனைவி பையிலிருந்து டியூப்புத் துண்டை எடுத்து மேசைமேல் வைத்தாள். "இதாங்க சார் எங்களுது."

"சரிம்மா. விண்ணப்பத்துல இது எந்தப் பக்கத்துல இருக்கு?"

அவர் காகிதங்களை ஒவ்வொன்றாகப் புரட்டிவிட்டு மூடினார். "கேட்டதச் சுருக்கலாம். அன்னிக்கு எழுதாததச் சேர்க்க முடியாது."

"புளிக்கு மட்டும்னு சுருக்கினா?"

"மாம்பழத்துக்குச் செஞ்சதப் புளிக்குச் செஞ்சா அதுல புதுசு என்னன்னு கேப்பாங்க."

"டியூப்ப வச்சுப் புதுசா இன்னொண்ணு போட்டா?"

"நீங்களே வித்துட்டீங்களே. இப்ப ஊருக்கே தெரியும்."

காப்புரிமை ரத்தானது. தீர்ப்பில் டியூப் என்ற சொல்லே இல்லை. எப்படி இருக்கும்?

போன வாரம் பொம்மிடியிலிருந்து ஒரு புளி வியாபாரி மிசின் பார்க்க வந்தார். மனைவி பழக்கத்தில் ஓடிப்போய்ச் சாக்கைப் போட்டாள். இனி எதற்கு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் சாக்கைத் தூக்கிப் பார்த்துச் சிரித்தார்.

"அட, டியூப்பு! அந்தக் கம்பெனிக்காரங்க கண்டுபுடிச்சதுங்களே. நீங்களும் பாத்துப் போட்டுட்டீங்களா?"

நான் அவளைப் பார்த்தேன். அவள் சாக்கை மடித்துக்கொண்டே, "ஆமாங்க" என்றாள்.